எங்கள் பெயர் பெக்வித்

1

என் காரின் கூரையில் சிவப்பு எழுத்தில் ‘பெக்வித் டிரைவிங் ஸ்கூல்’ என்று போட்டிருக்கிறேன். லண்டன் இல்ஃபோர்டில் கார் ஓட்டப் பழக விரும்பும் எங்கள் தமிழ்ப் பெண்கள் ஃபோன் எடுத்து, முதலில் இருக்கிற ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிப் பேசுவார்கள். நான் “ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ” என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. போன மாதம் ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள்: “நீங்கள் வெள்ளைக்காரி எண்டு நினைச்செல்லோ அக்கா எடுத்தனான்.”

“வெள்ளைக்காரி பக்கத்தில இருந்தா ரவுண்டபவுட் சின்னதாப் போகுமோ?” என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். இப்போது என்னிடம்தான் பழகுகிறாள். கிளச்சையும் பிரேக்கையும் இன்னும் மாற்றித்தான் மிதிக்கிறாள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் முழுப்பெயர் ரஞ்சினி பெக்வித். பிறந்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு. ஜெர்மனியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது அந்த அலுவலகத்து மனிதர் என் பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலங்கைத் தமிழச்சிக்கு இப்படியொரு பெயர் இருக்க முடியாதாம், பாஸ்போர்ட் கள்ளமாம். எங்கள் பூட்டன் ஒரு அமெரிக்கன் என்று நான் சொன்னதை மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் பக்கத்து ஆள். ஜெர்மன்காரனுக்கு மொழிபெயர்த்து முடித்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: “அது சரி தங்கச்சி, ஊரில ஆற்றை ஆக்கள்?”

யாருடைய ஆட்கள் என்ற இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தக் கோயிலடி என்று கேட்டு, எந்தக் கிணற்றடி என்று கேட்டு, கடைசியில் சாதியில் வந்து நிற்கும். நான் “வெள்ளைக்காரன்ர ஆக்கள்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே இந்தப் பதிலைச் சொல்லிப் பழகியிருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

2

என் மகள் ஷாமினி வால்தம்ஸ்டோவில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். மருமகன் கார்த்திக் கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. என்னை ‘அத்தை’ என்று கூப்பிடுவார். எங்கள் வழக்கத்தில் மருமகன் ‘மாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் கேட்டுக் கேட்டு இப்போது அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆதிரை என்று பெயர் தேர்ந்திருந்தார்கள். நான் அவர்கள் வீட்டில் நின்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறி வைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஷாமினி குசினிக்குள் வந்தாள்.

“அம்மா, பிள்ளைக்குப் பின்பெயர் பெக்வித் வேண்டாம் என்று நினைக்கிறேன்.”

அவள் பேச்சில் ‘அம்மா’ மட்டும்தான் தமிழ். மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

“ஏன், பெக்வித்துக்கு என்ன குறை?”

“ஒரு வெள்ளைக்காரன் எங்கள் ஊருக்கு வந்து, ஒரு தமிழ்ப் பெண்ணை எடுத்து, தன் பெயரையும் ஒட்டிவிட்டுப் போனான். அதை ஏன் என் மகள் சுமக்க வேண்டும்? நான் நாள் முழுக்க வகுப்பில் படிப்பிப்பதே இதைத்தான்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தப் பெயரை இவளுக்கு நான் சும்மா வைக்கவில்லை. இவள் வயிற்றில் இருக்கும்போதே இவளின் தகப்பன் பிரான்சுக்கு வேலை பார்க்கப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். ஜெர்மனியில் பிள்ளையைப் பதியப் போன இடத்தில் தகப்பன் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “தேப்பன் போயிட்டார். பேர் என்னட்ட இருக்கு, அதை எழுதுங்கோ” என்று எனக்குத் தெரிந்த மொழியில் சண்டை பிடித்து எழுதவைத்தேன். ஒரு பொம்பிளை தன் பெயரைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்று எங்கள் சனம் அப்போது எவ்வளவு கதைத்தது தெரியுமா? ஒருவருக்கும் நான் பயப்படவில்லை.

பிள்ளையோடு குசினி வாசலில் நின்ற கார்த்திக்கைப் பார்த்தேன். “எங்க பக்கம் அப்பா பேரைத்தான் பின்னாடி போடுவோம் அத்தை. ஆனா நான் அதைக் கேக்கல. நீங்களும் ஷாமினியும் பேசி முடிவு பண்ணுங்க” என்று பிள்ளையின் நாப்கினை மாற்றப் போய்விட்டார். கெட்டிக்காரன்.

“அவர் நாட்டைப் பிடிக்க வந்த துரை இல்லையடி. தோட்டம் செய்த ஒரு கமக்காரன்ர மகன்” என்றேன்.

“அவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா அம்மா? எப்படி வாழ்ந்தார், ஏன் வந்தார், ஏதாவது?”

தெரியாது. அந்தப் பெயரோடு இத்தனை காலம் வாழ்ந்துவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த மனிதனைப் பற்றிக் கேட்டு வளர்ந்த கதைக்கு மேல் ஒரு வசனம்கூடச் சொல்ல முடியாமல் அகப்பையோடு நின்றேன். வெட்கமாக இருந்தது.

பிறந்து ஆறு கிழமைக்குள், அதாவது நாற்பத்திரண்டு நாளுக்குள், கவுன்சிலில் பதிய வேண்டும். “அதுக்கிடையில அவர் ஆர் எண்டு கண்டுபிடிச்சுச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒரு முடிவும் எடாதை” என்றேன்.

3

எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இது. அமெரிக்காவில் வெர்மொண்ட் என்ற மலைநாட்டில் வெஸ்ட் ஹாலோ என்றொரு சின்னக் கிராமம். அந்தக் கிராமத்துக் கமக்காரன் மகன் சைலஸ் பெக்வித், பாதிரிமாரோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டி, அங்கேயே இருந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கே வெஸ்ட் ஹாலோ என்றுதான் பெயர். வாசல் படலையில் பலகை தொங்கியது. தபால்காரர் ‘வெஸ்டாலோ வீடு’ என்பார். ஷெல் விழுந்து கூரை போனபோது பலகையும் போய்விட்டது.

அந்தக் கதையை வைத்துப் பிழைக்கிற மனிதர் என் அண்ணை ஜெயம். ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக் கடை வைத்திருந்து, இப்போது ஓய்வில் இருக்கிறார். அண்ணை கொஞ்சம் வெள்ளை. மூக்கு கொஞ்சம் நீளம். அது போதும் அவருக்கு. வெயிலில் நின்றால் தோல் சிவக்கிறதாம், அது சைலஸின் ரத்தமாம். சீஸ் விருப்பமாம், அதுவும் சைலஸாம். அதே ரத்தம் ஓடுகிற நான் ஏன் அடுப்புக்கரி நிறம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். மகள் டிலானிக்குக் கலியாணம் பேசியபோது சம்பந்தி வீட்டில் முதல் தேத்தண்ணி ஆற முதலே அமெரிக்கப் பூட்டனை இறக்கிவிட்டார் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பா.

ஆகவே தேடப்போகிறேன் என்று சொன்னால் அண்ணை துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். “ஏன் இப்ப அதெல்லாம்?” என்றார். காலில் வாதம், மனிதருக்கு மனம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

4

வெஸ்ட் ஹாலோ உண்மையாகவே இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு கடை, மிச்சமெல்லாம் மரம். அந்த ஊரின் பழைய சங்கதிகளைப் பார்த்துக்கொள்கிற டொரத்தி என்ற அம்மாவை இணையத்தில் பிடித்தேன். எழுபது வயது தாண்டியவ, செம்மறியாடு வளர்க்கிறவ. எனக்கு மத்தியானம் என்றால் அவவுக்குக் காலை. என் மாணவிகள் டெஸ்டுக்குப் போய் வரும் நேரத்தில், டெஸ்ட் சென்டரின் காத்திருக்கும் அறையில் இருந்து அவவோடு வீடியோவில் கதைப்பேன். அவ பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்காது, நான் பேசுவது அவவுக்கு முழுக்க விளங்காது. ஆனாலும் கதைத்தோம்.

டொரத்தி ஃபோனைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்து காட்டினா. காட்டுக்குள் எங்கே பார்த்தாலும் இடுப்பளவு கல்மதில். மரத்துக்கு நடுவில் யாருக்காக மதில் கட்டினார்கள் என்று கேட்டேன். அப்போது இது காடில்லை, கமம் என்றா. முதலில் வந்த சனம் மரத்தை வெட்டி நிலத்தைத் திறந்தால் மண்ணைவிடக் கல்தான் கூட. பனிக்காலம் முடியும் ஒவ்வொரு முறையும் நிலம் புதிதாகக் கல்லைக் கக்குமாம். பொறுக்கிப் பொறுக்கி எங்கே போடுவது? மதிலாக அடுக்கினார்கள். பிறகு நல்ல மண் தேடிச் சனம் மேற்கே போய்விட, காடு திரும்பி வந்துவிட்டது. கல்லைக் கிளப்பித் தோட்டம் செய்கிற வேலை எங்கள் ஊருக்கும் தெரிந்ததுதான். இதைச் சொன்னபோது டொரத்தி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தா.

பெக்வித் குடும்பத்துக் கமம் மேட்டில் இருந்தது. புருஷன் மரம் தறிக்கும்போது அது அவர் மேலேயே விழுந்து செத்துப்போனார். மனைவி லூசிக்கு மிஞ்சியது ஒரேயொரு மகன், சைலஸ். எட்டு வயதில் தொண்டையடைப்புக் காய்ச்சலில் அவனும் போனான். அதற்குப் பிறகு லூசி தனியாளாக ஆடு வளர்த்து, ரோமம் நூற்று, மாசி பங்குனியில் மேப்பிள் மரத்தில் பால் இறக்கிச் சீனிப்பாகு காய்ச்சி, கிழவியாகும்வரை அந்த மேட்டிலேயே கிடந்தா.

“அப்போ எங்கள் சைலஸ்?” என்று கேட்டேன்.

“அதுதான் இந்த ஊரின் பெரிய கேள்வி” என்று சொல்லி டொரத்தி இடுகாட்டுக்கு நடந்தா. சின்னக் கல் ஒன்று சைலஸுடையது. பக்கத்தில் பெரிய கல் லூசியுடையது. பாசியைத் துடைத்துவிட்டு எழுத்தை விரலால் தடவி வாசித்தா. லூசி பெக்வித், சைலஸின் தாய், இலங்கையிலுள்ள சைலஸுக்கும் தாய்.

அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அங்கே வழக்கமாம். ஆகவே லூசி பிறகு யாரையோ கட்டி, இரண்டாவதாக ஒரு சைலஸ் பிறந்து, பாதிரிமாரோடு இலங்கைக்குப் போய்த் திரும்பவில்லை என்றுதான் ஊரில் சொல்வார்களாம். “அவனுக்கு என்ன ஆனதென்று நாங்கள் எப்போதும் யோசிப்போம்” என்றா டொரத்தி.

“அவனுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அதில் ஒருத்தி நான்தான்” என்று சொல்லிவிட்டு அந்த அறையிலேயே அழுதேன். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் என் மாணவி ஃபெயில் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள் பாஸ்.

உடனே அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். கல்லின் படத்தையும் அனுப்பினேன்.

“சரி, கண்டுபிடிச்சிட்டாய்தானே. இதோட விடு. இனித் தோண்டாதை.”

அந்தப் படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிய வேண்டிய மனிதர், விடு என்கிறார். எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

அடுத்த கிழமை டொரத்தி எடுத்தா. முகம் சரியில்லை. லூசி மறுமணம் செய்யவில்லையாம். முதல் சைலஸைத் தவிர வேறு பிள்ளைக்கு அந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடக்கவில்லையாம். இலங்கைச் சைலஸ் பிறந்திருக்க வேண்டிய காலத்தில் லூசிக்கு அறுபது வயதாவது இருக்குமாம்.

“ரஞ்சினி, அப்படியொரு மகன் இங்கே பிறக்கவே இல்லை. அப்படியென்றால் நீங்கள் யாருடைய பிள்ளைகள்?” என்று கேட்டா.

எங்கள் ஆட்கள் கேட்கும் அதே கேள்வி. அந்த மனுஷியிடம் விஷம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

5

அன்றைக்கு இரண்டு பாடத்தை ரத்துச் செய்துவிட்டு ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அண்ணை வீட்டுக்குக் காரை விட்டேன். நோர்த் சர்க்குலர் வீதியில் எனக்குக் குறுக்கே வெட்டியவனையெல்லாம் என் மாணவிகள் கேட்கக் கூடாத சொல்லால் திட்டினேன்.

அண்ணை முன்னறையில் இருந்தார். டொரத்தி சொன்னதைச் சொன்னேன். அண்ணி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டா. அவவுக்கும் தெரிந்திருக்கிறது.

“அப்பா எனக்குச் சொன்னவர். நான் வெளிநாடு வெளிக்கிட முதல். ஆருக்கும் சொல்லாதை எண்டும் சொன்னவர்” என்றார் அண்ணை.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உனக்குச் சொல்லுறதும் லவுட் ஸ்பீக்கரில சொல்லுறதும் ஒண்டு.”

பிறகு சொன்னார். பாதிரிமாரின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்துச் சோறும் உடுப்பும் கொடுத்துப் படிப்பிக்க அமெரிக்காவில் உள்ள சனம் காசு அனுப்பும். அனுப்புகிறவர் கேட்கிற பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். அதுதான் வழக்கம். கனபேர் தங்களின் செத்துப்போன பிள்ளையின் பெயரைத்தான் கேட்டார்கள்.

“அப்ப எங்கட பூட்டன்…”

“ஒரு பெடியன். தேப்பன் ஆற்றையோ வளவில கூலிக்கு நிண்டவன். ஊர்க் கிணத்தில தண்ணி அள்ள விடாத ஆக்கள். கொலராவில தாயும் தேப்பனும் போக, ஆரோ கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில விட்டவை. சைலஸ் பெக்வித் எண்டு கூப்பிட்டா ஓடிவரவேணும், வந்தா சோறு.”

“அவன்ர சொந்தப் பேர்?”

“தெரியாது.”

“அப்பாவுக்கு?”

“அப்பாவுக்கும் தெரியாது. அவர் தன்ர பிள்ளையளுக்கே சொல்லேல்லையாம்.”

நான் இரண்டு கிழமையாக அமெரிக்காவில் தேடிக்கொண்டிருந்த மனிதன் அமெரிக்காவை மிதித்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பாதிரியார், உனக்குச் சோறு போடும் அம்மா இருக்கும் ஊர் வெஸ்ட் ஹாலோ என்று சொல்லியிருப்பார். அந்தப் பெடியன் வளர்ந்து, வீடு கட்டி, தான் காணாத ஊரின் பெயரைப் படலையில் மாட்டியிருக்கிறான்.

“உங்கட மூக்கு ஆற்றை மூக்கு அண்ணை அப்ப?” என்று கேட்டேன். அழாமல் இருக்கத்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“சிரி. நல்லாச் சிரி. அந்தப் பேர் இருந்தபடியாத்தான் ஒருத்தனும் எங்களைப் படலையோட நில் எண்டு சொல்லேல்லை. அப்பா வாத்தியாரா வரேக்க அந்தப் பேர்தான் காப்பாத்தினது. உன்னையும்தான். ஆற்றை ஆள் எண்டு கேட்டவனுக்கெல்லாம் நீ என்ன சொன்னனீ?”

அவர் சொன்னதில் பிழை இல்லை.

“டிலானி அந்த வீட்டில வாழுறாள்” என்றார் மெல்ல. “சம்பந்தி வீட்டார் பிள்ளையின்ர முப்பத்தொண்டாம் நாளுக்கு வருவினம். என்ர முகத்தில கரி பூசிப்போடாதை ரஞ்சி.”

6

ஷாமினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஒரு கோப்பைச் சோற்றுக்கு அவனுடைய பெயரை வாங்கிவிட்டார்கள்” என்றாள்.

“ஓம்.”

“உங்களுக்குக் கோபம் வரவில்லையா அம்மா?”

“வருது. ஆனா எல்லாரிலயும் வருது. பேரை மாத்தினவையிலயும் வருது. தண்ணி அள்ள விடாத எங்கட சனத்தில அதைவிடக் கூட வருது. அந்தக் கிழவியில மட்டும் எனக்குக் கோபம் வருதில்லை. ஆட்டு ரோமம் வித்துக் காசு அனுப்பினவள். காணாத பிள்ளையைத் தன்ர கல்லில மகன் எண்டு வெட்டவைச்சவள். ஊரில அவனை ஆர் மகன் எண்டு சொன்னது?”

ஷாமினி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். வரலாற்று ரீச்சர் ஏதோ பாடம் எடுக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

“நான் இந்தப் பெயரை வைக்கிறேன். ஆனால் அந்தப் பெடியனுக்காக வைக்கிறேன். மாமாவின் வெள்ளைக்காரனுக்காக இல்லை. முப்பத்தொன்றுக்கு எல்லோரும் வரும்போது நீங்கள் அதைச் சொல்ல வேண்டும். ஒளித்துவைத்த பெயர் என்றால் எனக்கு வேண்டாம், கார்த்திக்கின் பெயரைப் போட்டுவிட்டுப் போகிறேன்.”

ஒரு பக்கம் அண்ணை, மறுபக்கம் மகள். இவளுக்காக ஒரு காலத்தில் சண்டை பிடித்து எழுதவைத்த பெயர் இவளோடு முடியலாம், அல்லது அண்ணையோடு என் உறவு முடியலாம். அண்ணை எங்களுக்குச் செய்யாதவர் இல்லை. ஜெர்மனியிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது கடைக்கு மேலிருந்த அறையைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

டிலானிக்கு எடுத்தேன். அவள் சம்மதமில்லாமல் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கடகடவென்று சிரித்தாள்.

“மாமி, அப்பான்ர சீஸ் கதையைக் கேட்டுக் கேட்டு நான் அலுத்துப்போனன். என்ர மனுஷன் நல்லவர். மாமியார் கொஞ்ச நாளைக்கு முகத்தைத் தூக்குவா, தூக்கட்டும். நீங்கள் சொல்லுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்.”

அண்ணைக்கும் முன்கூட்டியே எடுத்துச் சொன்னேன், பின்னால் குத்தினேன் என்று இருக்கக் கூடாது. அவர் ஃபோனை வைத்தார்.

7

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனாலும் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றைக் கொண்டாடாமல் விடமாட்டோம். இல்ஃபோர்டில் ஒரு தேவாலய மண்டபம் எடுத்தோம். இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். அண்ணை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய சம்பந்தி பரமேஸ் அக்கா, டிலானியின் மாமியார், நடு மேசையில்.

ஜெபம் முடிந்து சாப்பாடு தொடங்கியது. சனம் கதையும் சிரிப்புமாக இருக்கும்போதே மைக்கை வாங்கினேன். கார் ஓட்டப் பழக்குகிறவளுக்குச் சத்தம் போட மைக் தேவையில்லை, ஆனாலும் கையில் ஏதாவது பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

“எங்கட பேர்த்திக்கு ஆதிரை எண்டு பேர். பின்பேர் பெக்வித். அந்தப் பேரைப் பற்றி நாங்கள் இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொன்னது பொய்” என்று தொடங்கினேன். கல்மதில், லூசி, செத்த மகன், பள்ளிக்கூடம், சோறு, தண்ணி அள்ள விடாத கிணறு எல்லாவற்றையும் சொன்னேன். “எங்களில வெள்ளைக்கார ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. நாங்கள் அந்தப் பெடியன்ர பிள்ளையள். அதில எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்படவேண்டிய ஆக்கள் வேற.”

இரண்டு மேசையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் மாணவி ஒருத்தி, அதே கிளச்சும் பிரேக்கும் குழம்புகிறவள், கை தட்டத் தொடங்கிவிட்டு, தனியே தட்டுகிறோம் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. கார்த்திக்கும் டிலானியும் சேர்ந்து தட்டினார்கள். அண்ணை எழும்பி வெளியே போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகு தெரிந்தது.

நான் மைக்கை வைத்துவிட்டு நடு மேசையைக் கடக்கும்போது பரமேஸ் அக்கா கூப்பிட்டா. சிரித்த முகம்தான்.

“அதெல்லாம் சரி ரஞ்சினி. அப்ப நீங்கள் உண்மையில ஆற்றை ஆக்கள்?”

இந்தமுறை எனக்கு ஒளிய ஒரு வெள்ளைக்காரன் இல்லை.

“சோத்துக்காகப் பேரை விட்ட பிள்ளையின்ர ஆக்கள் அக்கா. இப்ப நாங்கள் சோறு போடுற ஆக்கள். நீங்கள் ரெண்டாந்தரமும் இறைச்சி போட்டுச் சாப்பிட்டிட்டுத்தானே கேக்கிறியள்? இன்னும் கொஞ்சம் போடட்டோ?”

பக்கத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். பரமேஸ் அக்கா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தா. மிச்சம் வைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஷாமினி பிள்ளையோடு எழும்பி வந்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான், அதையும் அவள் வெளியாட்கள் முன்னால் பேசமாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

“அன்ரி, இவ ஆதிரை பெக்வித். தூக்குங்கோ.”

பிள்ளையை நீட்டிக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரமேஸ் அக்கா வலது கையைத் தூக்கிக் காட்டினா. விரலெல்லாம் கறி.

“கறிக்கை, பிள்ளை.”

“கழுவிப்போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்” என்றாள் என் மகள்.

பரமேஸ் அக்கா கதிரையைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனா. ஷாமினி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. குழாய்ச் சத்தம் நின்று, கதவு திறந்து, ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அந்த மனுஷி திரும்பி வரும்வரைக்கும் அவள் பிள்ளையை நீட்டிய கையை இறக்கவில்லை.